சாசனங்களில் கண்ட பொருள்களும் அவற்றைக் குறியிட்டுக் காக்கும் முறையும்

ஒரு சமூகத்தின் சரித்திரம் அரசர் பெயர்களிலும் போர்க்களங்களிலும் மட்டுமே அடங்கிவிடுவதன்று. அச்சமூகத்தார் அணிந்த அணி, ஏற்றிய விளக்கு, புழங்கிய பாத்திரம் ஆகியவற்றிலும் அஃது உறைந்து கிடக்கின்றது. பொருள்களோ அழியும் இயல்பின. உருக்கப்படும், விற்கப்படும், களவு போகும். எஞ்சி நிற்பது எழுத்து ஒன்றே. அவ்வெழுத்தினின்று பொருளை மீட்டறியும் வழியொன்று இக்காலத்தே தோன்றியுள்ளது. அதனை நம்மவர் யாவரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தஞ்சைப் பெரிய கோயிற் சாசனங்களை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராச சோழர் தமது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் ஒன்று அளித்தனர். அதன் நிறை 3083 பலம். அதன்மேல் வேய்ந்த பொன்னின் நிறை 2926½ கழஞ்சு. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்றும், மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்றும் பெயர். முத்துக்களுள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி எனப் பல வகை கூறியுள்ளனர். இச்சாசனங்களை ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் 1891 முதல் அச்சேற்றினார். அணிகலன்களை நாம் கண்ணாற் காண்பதற்கில்லை. கல்லெழுத்தே அவற்றின் பேழையாயிற்று.

ஆயினும் அப்பேழையைத் திறப்பது எளிதன்று. அரசரின் தமக்கையார் குந்தவையார் அளித்த பொன் மொத்தம் எவ்வளவு என ஒருவர் வினவின், கல்வெட்டனைத்தையும் ஓதியே விடைகூறல் வேண்டும். கணிப்பொறியை ஏவினாலோ, அஃது எழுத்தைக் காணுமேயன்றிப் பொருளைக் காணாது. ‘கல்’ என்ற ஒரு சொல்லே ஓரிடத்தில் எடைக்கல்லையும், மற்றோரிடத்தில் எழுத்து வெட்டிய கல்லையும் குறிக்கின்றதன்றோ?

இக்குறையை நீக்கவே குறியீட்டு முறை எழுந்தது. 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாசர் கல்லூரியிற் கூடிய அறிஞர்கள், பழைய நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றுதற்குப் பொதுவிதிகள் வகுக்கத் தொடங்கினர். அம்முயற்சியே ‘டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்’ எனப்படுவது. மூலத்தின் சொல்லுக்கு முன் ஒரு தொடக்கக் குறியும், பின் ஒரு முடிவுக் குறியும் இடுவர். இது பொருளின் பெயர், இது உலோகம், இது நிறை, இது கொடுத்தவர் பெயர் என அக்குறிகள் உரைக்கும். ஒரே பொருள் பலவிடங்களிற் கூறப்படின், அதற்கு ஓர் அடையாள எண் தந்து எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிணிப்பர். மூலத்தின் ஓரெழுத்தும் மாறுவதில்லை. கல்வெட்டுகளுக்கென ‘எபிடாக்’ என்னும் தனிக் கிளையும் உண்டு. 2019-இல் ஐரோப்பாவிற் தொடங்கிய ‘தர்மா’ ஆராய்ச்சித் திட்டத்தார் தமிழ்ச் சாசனங்களையும் இம்முறையிற் குறியிட்டுள்ளனர்.

எனினும் குறியிடுதல் குமாஸ்தா வேலையன்று. தஞ்சைச் சாசனங்களில் ஒரு நகையின் நிறை சரடும் சட்டமும் நீக்கிக் கூறப்படும். வேறொன்றின் நிறை அரக்கும் உட்படக் கூறப்படும். இவ்வேற்றுமையைக் குறியாது இரண்டையும் கூட்டினால் கணக்குப் பிழைபடும். ஆகவே சாசனம் சொல்வது இது, நாம் ஊகிப்பது இது எனப் பிரித்து வைத்தல் வேண்டும். ஊகித்தவர் இன்னார், அவ்வூகத்தின் உறுதி இத்துணை என்று குறிக்கவும் அம்முறையில் இடமுண்டு. இந்நேர்மையே அதன் உயிர்நிலை என்போம்.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். பாகப்பிரிவினைப் பத்திரம், சீர்வரிசைப் பட்டி, கடைக்கணக்கு, தருமத்துக்கு எழுதிவைத்த ஏடு எனப் பழம்பெட்டிகளிற் கிடப்பன எத்தனை! அவற்றிற் கண்ட பாத்திரங்களுள் எத்தனையோ பழஞ்செம்பாய் நிறுத்து விற்கப்பட்டுவிட்டன. அப்பெயர்களின் பொருளறிந்த முதியோரும் நாளுக்குநாள் குறைகின்றனர். அவர் மறைந்தபின் எக்கணிப்பொறியும் அப்பொருளை நமக்கு உரைக்கமாட்டாது.

ஆதலின், அன்பர்காள்! ஓலையையும் காகிதத்தையும் கரையானுக்கு இரையாக்கற்க. முதற்கண் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். பின்னர் உள்ளது உள்ளபடி பெயர்த்தெழுதுங்கள். ஒவ்வொரு பண்டத்தின் பெயரும் எதைக் குறிப்பதென்று பாட்டிமாரைக் கேட்டு, மூலத்தோடு கலவாமல் தனியே குறித்து வையுங்கள். குறியிடும் தொழிலை நம் கற்ற இளைஞர் பின்னர்ச் செய்துகொள்வர். சொல்லின் பொருளைக் காக்கும் கடமை இன்றே நம்முடையதாகும்.