வாப்பாவின் உறுதி யாரிடம் இருக்க வேண்டும்?



ஒக்டோபர் வந்தால் வடக்கிலிருந்து வந்த நம் குடும்பங்களில் இரண்டு விடயங்கள் நடக்கும். ஒன்று, 1990ஐ நினைத்துக் கூட்டம் வைப்போம். மற்றது, ஊர்க்காணி பற்றிய பழைய சண்டை மறுபடி கிளம்பும். முதலாவதைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். இரண்டாவதை நாம் வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருக்கிறோம். இன்று அதைக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் வரலாறு. 1990 ஒக்டோபர் 15இல் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்தார்கள். வெளியேறக் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் கல்பிட்டியில் கரையேறினார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் இப்படி வந்தோம். வழியில் காசும் நகையும் பறிக்கப்பட்டன. பெண்களின் காதுத் தோட்டைக்கூட விடவில்லை.

மற்றக் குடும்பங்களில் வாப்பும்மாவின் காப்பு, பித்தளைச் செம்பு, பழைய கிதாபு என்று ஏதாவது ஒன்று பரம்பரையாக வரும். நம்மில் பலருக்கு அப்படி எதுவும் வரவில்லை. உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்த காணி உறுதியும் வீட்டுச் சாவியும்தான் வந்தன. சிலருக்கு அதுவும் இல்லை. ஆகவே, சாதாரணக் கடதாசியாக இருக்க வேண்டிய உறுதி, நம் வீடுகளில் முதுசமாக மாறியது. கிடுகுக் கொட்டிலில் மழை ஒழுகும்போது முதலில் தூக்கியது அந்தப் பையைத்தான்.

இப்போது வாப்பாமார் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள். மையத்து அடக்கி நாற்பது நாள் போவதற்குள், உறுதி எங்கே என்ற கேள்வி வருகிறது. மூத்தவர் சோனகத் தெருவில் வளர்ந்தவர், விற்கவே கூடாது என்பார். கடைசித் தம்பி புத்தளத்து முகாமில் பிறந்தவர். அவருக்கு யாழ்ப்பாணம் என்பது இரண்டு தடவை போய்ப் பார்த்த இடிந்த சுவர். விற்றுப் பங்கு தாருங்கள் என்பார். உறுதி யாருடைய அலுமாரியில் இருக்கிறதோ அவர் அதைக் காட்ட மறுப்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒருவர் இழந்ததைக் கண்ணால் கண்டவர். மற்றவர் அந்த இழப்பின் விலையை வாழ்ந்து கொடுத்தவர்.

சட்டத்தைப் பார்ப்போம். உறுதியைக் கையில் வைத்திருப்பவர் அதனால் மட்டும் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். மரணசாசனம் இன்றி ஒருவர் இறந்தால், 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மார்க்கம் சொன்ன பங்குகளே செல்லும். பெண்பிள்ளைகளின் பங்கும் அதில் அடங்கும். பங்காளிகளில் ஒருவர் காணியை அனுபவித்து வந்தாலும் அந்த அனுபவம் மற்றப் பங்காளிகளுக்கும் உரியது என்று 1911இலேயே இலங்கை வழக்கொன்றில் பிரிவிக் கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. நொத்தாரிசு உறுதியை எழுதும்போது ஒரு பிரதி அவரிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். ஆகவே அலுமாரியைப் பூட்டி வைத்து யாருடைய உரிமையையும் அழிக்க முடியாது. மறைப்பதால் கெடுவது உறவு மட்டும்தான்.

இன்னொரு கசப்பான பக்கமும் இருக்கிறது. 90களில் பல வாப்பாமாரும் நானாமாரும் அற்றோணித் தத்துவம் கொடுத்து, வந்த விலைக்குக் காணியை விற்றார்கள். உலர் உணவு நிவாரணத்தில் ஓடிய குடும்பங்கள் அவை. ஒரு குமரைக் கரைசேர்க்க வேண்டும், அல்லது ஒருவரை சவூதிக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்ட வேண்டும். இன்று பேர்ச் விலையைக் கேட்டுவிட்டு, “நீங்கள் அழித்துவிட்டீர்கள்” என்று நாம் அவர்களைப் பேசுகிறோம். அன்று ஊர் திரும்புவோம் என்று யாருக்கும் நிச்சயம் இருக்கவில்லை. இன்று பேசும் தங்கச்சி இருக்கும் பாலாவி வீடு, அந்தக் காசில் கட்டியதாகவும் இருக்கலாம்.

அதற்காக, உடன்பிறந்தவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியவரை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அது ஹக்கு. திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். வறுமையில் விற்றதையும் ஏமாற்றி விற்றதையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் வேண்டுகோள்.

கடைசியாக ஒன்று. இந்த உறுதிக்காகச் சண்டை பிடிக்கும் நம்மில் எத்தனை பேர் அதை முழுதாக வாசித்திருக்கிறோம்? அதில் பரப்பளவு மட்டும் இல்லை. காணி யாரிடமிருந்து வந்தது, முதுசமா சீதனமா கிரயமா என்றெல்லாம் எழுதியிருக்கும். வடக்கெல்லை இன்னார் காணி, கிழக்கெல்லை இன்னார் காணி என்று அயலவர் பெயர்கள் இருக்கும். அவற்றில் தமிழ்ப் பெயர்களும் இருக்கும். நாம் போன பின் நம் வளவைப் பிடித்தவர்களும் இருந்தார்கள், கிணற்றைத் துப்புரவாக்கி வைத்து, 2002இல் பாதை திறந்தபோது நம்மைக் கண்டு கட்டிப்பிடித்து அழுதவர்களும் இருந்தார்கள். இரண்டும் நம் குடும்ப வரலாறுதான்.

ஆகவே சட்டத்தரணியிடம் போவதற்கு முன் ஒரு நாள் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். உம்மா இருந்தால் நடுவில் இருத்துங்கள். உறுதியைச் சத்தமாக வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் உம்மா சொல்வதை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லிப் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். பிறகு ஆளுக்கொரு பிரதி எடுங்கள். விற்பதா வைத்திருப்பதா என்பதை அதற்குப் பிறகு பேசுங்கள். காணி விற்றுப்போனாலும் கொப்பி எல்லாருக்கும் இருக்கும். உம்மாமார் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவோம்.