வானொலித் தடையின் வரலாறு

கேள்விக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தார் திருவள்ளுவர். அவர் காலத்தில் கேட்போன் சொல்வோனின் முன் அமர்ந்திருந்தான். வானொலி தோன்றிய பின்னர் அவ்விருவர்க்குமிடையே கடலும் மலையும் புகுந்தன. அவற்றோடு தடையும் புகுந்தது. அத்தடை காலந்தோறும் எவ்வுருக்கொண்டது, அதனை மக்கள் எங்ஙனம் கடந்தனர் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சென்னையில் 1924ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். பொருள் முடையால் 1927இல் அதன் ஒலிபரப்பு நின்றது. 1930இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல் பிறந்தது. மலாயாவில் 1946 ஏப்ரலில் ரேடியோ மலாயா தோன்றி, மலாய், சீனம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பிற்று.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசு புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. அரசின் நோக்கம் பரப்புரையே. ஆயினும், சொந்தப் பெட்டி வாங்க இயலாத தொழிலாளர் பலர் அவற்றின் வாயிலாகவே தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டனர். பலர் கூடிக் கேட்டமையால், ஒலி குன்றியபோது திருகைத் திருப்பவும் கம்பியை உயர்த்திக் கட்டவும் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் இருந்தார்.

அக்காலத் தடை வானத்தில் பிறந்தது. சிற்றலை, வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து நெடுந்தொலைவு செல்லும். இம்மண்டலம் உண்டென்பதை 1924இல் மெய்ப்பித்த ஆப்பிள்டன், 1947இல் நோபெல் பரிசு பெற்றார். ஒரே அலை பல வழிகளில் வந்து சேருங்கால், ஒன்றையொன்று சிலபோது வலுப்படுத்தும், சிலபோது அழிக்கும். கொழும்பு, சென்னை நிலையங்களின் பாட்டு அலைபோல் எழுந்து தாழ்ந்ததற்குக் காரணம் இதுவே. மாலை இடிமழையின் மின்னல் கரகரப்பைக் கூட்டியது. பண்பலை வந்தபின் இக்குறை நீங்கிற்று. ஆனால் பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. ஆதலின், 1,276 மீட்டர் உயர்ந்த குனோங் லேடாங் போன்ற மலையுச்சிகளில் கோபுரம் நாட்ட வேண்டியதாயிற்று.

1995இல் ரியல் ஆடியோ என்னும் மென்பொருள் வெளிவந்த பின்னர் இணைய வானொலி பரவலாயிற்று. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாளுடன் முடிவுற்றது. கடல்கடந்த தமிழ் நிலையங்களைச் சிம்பாங் அம்பாட்டில் இருப்போர் கேட்க இன்று இணையமே எளிய வழி. இங்கே தடை வேறு உருக்கொள்கிறது. ஒலி சிறுசிறு தரவுப் பொட்டலங்களாக வருகிறது. கருவி அவற்றுள் சில நொடிகளுக்கு உரியதை முன்னதாகச் சேமித்து வைக்கிறது. வழியில் தொலைந்த பொட்டலம் மீண்டும் அனுப்பப்படும். அது வருமுன் சேமிப்புத் தீர்ந்தால் ஒலி நின்றுவிடும். சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே சொல் பிழைத்தது. இணையத்திலோ சொல் தெளிவாக வரும், அல்லது அறவே வாராது.

ஆயினும் தடையை ஆராயும் முறை மாறவில்லை. அனுப்பும் நிலையம், இடைவழி, பெறும் கருவி என்னும் மூன்றில் குறை எதனிடத்தது என்று காண்பதே அம்முறை. அதே கருவியில் பிற நிலையங்கள் தடையின்றி ஒலித்தால், குறை பெரும்பாலும் அந்நிலையத்தது. அதன் இணைய முகவரி மாறியிருத்தலும் கூடும். எல்லா நிலையங்களும் நின்று நின்று வந்தால், வைஃபையை விடுத்துக் கைப்பேசித் தரவில் கேட்டுப் பார்க்கலாம். அதில் சீராக வந்தால், குறை வீட்டு இணைப்பினது. ரூட்டரின் அருகே சென்றவுடன் சீராகுமாயின், சுவரும் தொலைவும் வைஃபையைத் தளர்த்தின என்க. பிறர் கருவியில் நன்றாகவும் தம் கருவியில் தடைபட்டும் வந்தால், கருவியையோ செயலியையோ நோக்க வேண்டும். நொடிக்கு 128 கிலோபிட் அளவுள்ள ஒலியை விடுத்து 64 கிலோபிட் ஒலியைத் தேர்ந்தால், வழியின் சுமை பாதியாகும். மணிக்குச் செலவாகும் தரவும் ஏறத்தாழ 58 மெகாபைட்டிலிருந்து 29 ஆகக் குறையும்.

மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத பழைய கைப்பேசி பேச உதவுமேயன்றி, வானொலியைச் சீராகத் தாராது. அத்தகைய கைப்பேசியை வைத்திருக்கும் முதியவர் ஒலி நின்றதும் நிலையமே மூடப்பட்டதென்று எண்ணக்கூடும். தமக்கு ஒன்றும் தெரியவில்லையென்று நாணி வாளாவிருத்தலும் கூடும். அன்று கேட்பது பொதுவாக இருந்தமையால், பழுதும் பொதுவாக இருந்தது. திருத்துவோர் அருகிலேயே இருந்தனர். இன்று ஒவ்வொருவரும் தனித்துக் கேட்கின்றனர். தடையும் தனித்தே நேர்கிறது. தோட்டம் விட்டுத் தாமான்களில் சிதறி வாழும் முதியோர்க்குத் தமிழ்க்குரல் நாள்தோறும் கேட்கும் வாயில் சிலவே. அவ்வாயில் அடைபடுங்கால், மேற்கூறிய சோதனைகளை அறிந்த மாணவன் ஒருவன் வீட்டில் இருப்பின் பெரிதும் உதவும். அவற்றை ஒரு பாடவேளையில் கற்பித்துவிடலாம். தமிழாசிரியர்கள் இதனைத் தம் பணியின் புறத்ததென்று ஒதுக்கலாகாது.