படுக்கையருகே வந்த ஒலி

கருவுற்ற முதல் சில வாரங்களில் ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலியும் உதிரப்போக்கும் கண்டால், மருத்துவர் மனத்தில் எழவேண்டிய முதற்கேள்வி, கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதே. பெரும்பாலும் அது கருப்பையில்தான் இருக்கும். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் மட்டும் வேறிடத்தில், பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகிறது. அங்கே அது வளரும்போது குழாய் வெடித்து வயிற்றுக்குள் குருதி பெருகும்; வெளியே சில துளிகளே தெரியும். இக்கேள்விக்கு மருத்துவம் விடை கண்ட வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் லாசன் டெய்ட் என்னும் அறுவை மருத்துவர், வெடித்த கருக்குழாயை அகற்றி ஒரு தாயைப் பிழைக்கவைத்தார். வழி பிறந்துவிட்டது. ஆனால் நோயை உறுதிசெய்ய வயிற்றைத் திறந்து பார்ப்பதைத் தவிர அன்று வேறு உபாயம் இல்லை.

நம் ஊர்ச் சந்தையில் பானை வாங்குபவர் அதைத் தட்டிப் பார்த்தே வாங்குவார். எழும் ஓசையே விரிசலைக் காட்டிக்கொடுத்துவிடும். கொதிகலன் தொழிற்சாலைகளிலும் ஏறக்குறைய இம்முறையே கையாளப்பட்டது. செவிக்கு எட்டாத மீயொலியை இரும்புக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு உள்ளிருக்கும் குறையைக் கண்டனர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, 1955ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அறுவையில் அகற்றிய கட்டிகளை ரென்ஃப்ரூவிலிருந்த அத்தகைய தொழிற்சாலை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். நீர் நிறைந்த கட்டியும் தசை திரண்ட கட்டியும் வெவ்வேறு எதிரொலிகளைத் தந்தன! பின்னர் பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கருப்பையில் வளரும் சிசுவின் உருவமும் அதில் இடம்பெற்றது.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. கருவி பெரிது, அதற்கெனத் தனி அறை, தனி வல்லுநர். வல்லுநர் இல்லாத நேரத்தில் வந்த நோயாளி காத்திருக்க நேர்ந்தது. குருதி கசிபவருக்குக் காத்திருப்பே ஆபத்து. கருவிகள் சிறுத்து, சக்கரவண்டியில் ஏறும் அளவுக்கு வந்தபின், 1980களின் இறுதியிலிருந்து அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் அவற்றைப் படுக்கையருகே தாமே கையாளத் தொடங்கினர். 2001இல் அமெரிக்க அவசர மருத்துவர் கல்லூரி வெளியிட்ட நெறிமுறை, ஆறு முதன்மைப் பயன்பாடுகளுள் கருப்பையினுள் கர்ப்பத்தைக் காண்பதையும் ஒன்றாகச் சேர்த்தது.

இம்மருத்துவர்கள் எல்லாவற்றையும் ஆராய முற்படுவதில்லை. கருப்பைக்குள் கரு தெரிகிறதா? வயிற்றுக்குள் குருதி தேங்கியுள்ளதா? இவ்விரண்டையே முதலில் நாடுகின்றனர். கரு கருப்பையில் தெளிவாகத் தெரிந்தால் பெரும் அச்சம் நீங்குகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இரு கருக்கள் தங்குவது அரிது. கருத்தரிப்புச் சிகிச்சை பெற்றவர்களிடம் மட்டும் அதைச் சற்றுக் கூடுதலாக எதிர்பார்க்கவேண்டும். கருப்பை வெறுமையாய், ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையே கருமையாய்த் திரவம் தெரிந்தால், அறுவை மருத்துவரை உடனே அழைக்கவேண்டும்.

வெறுமையான கருப்பை மட்டும் முடிவான சான்றாகாது. கர்ப்பம் மிக இளையதாக இருக்கலாம், கலைந்தும் போயிருக்கலாம். அப்போது இரத்தப் பரிசோதனையும், சில நாள் கழித்து மறுபரிசோதனையும் இன்றியமையாதன.

மாணவ நண்பர்களே, டொனால்டின் மேதைமையைப் போற்றும் நாம், கருவியை நோயாளியின் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களையும் மறத்தலாகாது. வெடித்த குழாயைச் சீர்செய்யும் அறிவு 1883லேயே இருந்தது. அது தாயை உரிய நேரத்தில் சென்றடையவே நூறாண்டு பிடித்தது. நீங்கள் நாளை மருத்துவராயினும் பொறியாளராயினும், கண்டுபிடிப்புக்கும் அதை நாடி நிற்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதும் உங்கள் கடமையே என்று கொள்ளுங்கள்.