இடைக்கால உத்தரவுகள் மீதான மேல்முறையீடு (புதுச்சேரி)

உரிமையியல் வழக்கு முடியும் முன்பே நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவுகளில் எவற்றை உடனே மேல்முறையீடு செய்யலாம், எவற்றுக்கு இறுதித் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியில் அடுத்தடுத்து இரண்டு சட்டமுறைகள் விடை சொல்லியுள்ளன.

1806ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1819 ஜனவரி 6 அன்று இங்கு பிரகடனம் செய்யப்பட்டது. வழக்கை விசாரணைக்குத் தயார்செய்யும் உத்தரவை இறுதித் தீர்ப்போடு சேர்த்துத்தான் எதிர்க்கலாம் என்றது அதன் 451ஆம் விதி. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே காட்டிவிடும் உத்தரவானால் உடனே அப்பீல் உண்டு. அறிவார்ந்த பாகுபாடுதான், ஆனால் ஓர் உத்தரவு எந்த வகை என்பதிலேயே வாதம் எழ இடமிருந்தது.

1962 ஆகஸ்ட் 16 அன்று இந்தியாவுடனான சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் புதுச்சேரிக்கும் நீண்டது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து சேர்ந்தது. இது உத்தரவின் தன்மையை எடைபோடுவதில்லை, பட்டியல் போட்டுவிடுகிறது. 104ஆம் பிரிவிலும் 43ஆம் கட்டளையிலும் உள்ள உத்தரவுக்கு மட்டுமே மேல்முறையீடு. தற்காலிகத் தடையுத்தரவு தருவதும் மறுப்பதும், ரிசீவர் நியமனம், எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்க மறுப்பது ஆகியவை பட்டியலில் உள்ளன. வழக்குரையைத் திருத்த அனுமதிப்பதும் இடத்தைப் பார்வையிட ஆணையர் நியமிப்பதும் இல்லை. பட்டியலில் இல்லாத உத்தரவால் பாதிக்கப்பட்டவர், அது தீர்ப்பைப் பாதித்ததென்று பின்னர் இறுதி மேல்முறையீட்டில் சொல்லலாம். 105ஆம் பிரிவு அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.

பாகப்பிரிவினை வழக்கில் இந்த நிம்மதி கிடையாது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வீடு என்றால், ஆளுக்கு எத்தனை பங்கு என்று முதனிலைத் தீர்ப்பாணை சொல்லும். பிறகு ஆணையர் அளந்து, யாருக்கு எந்தப் பகுதி என்று அறிக்கை தந்து, இறுதித் தீர்ப்பாணை வரப் பல ஆண்டுகள் ஆகலாம். 'எல்லாம் முடியட்டும், மொத்தமாக அப்பீல் போகலாம்' என்று இருப்பவர் தோற்றுப்போவார். முதனிலைத் தீர்ப்பாணையை உரிய காலத்தில் எதிர்க்காதவர், இறுதித் தீர்ப்பாணை மீதான மேல்முறையீட்டில் பங்கின் அளவைக் கிளற முடியாது என்கிறது 97ஆம் பிரிவு. காலவரம்பு மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். வழக்காடுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவு இதுவே.

மேல்முறையீடு இல்லாதபோது சீராய்வு மனு, அதாவது சி.ஆர்.பி., மிஞ்சுகிறது. புதுச்சேரிக்குத் தனி உயர்நீதிமன்றம் இல்லாததால் அதற்குச் சென்னைக்கே போக வேண்டும். 2002 ஜூலை 1 முதல் சீராய்வுக்கான 115ஆம் பிரிவு குறுகிவிட்டது: கேட்டபடி உத்தரவு கிடைத்திருந்தால் வழக்கே முடிந்திருக்கும் என்றால்தான் அதன்கீழ் மனு நிற்கும். வழக்குரையை நிராகரிக்கக் கோரி, அது மறுக்கப்பட்டவர் இப்படி வரலாம். மற்றவர்கள் அரசியலமைப்பின் 227ஆம் பிரிவை நாடுகிறார்கள். அது உயர்நீதிமன்றத்தின் மேற்பார்வை அதிகாரம், உரிமையாகக் கேட்கக்கூடிய மேல்முறையீடு அல்ல. சீராய்வு மனு தாக்கல் செய்ததாலேயே கீழ்நீதிமன்ற விசாரணை நிற்காது. உயர்நீதிமன்றம் தனியே தடை விதிக்காதவரை புதுச்சேரியில் வாய்தாக்கள் தொடரும்.