ஞாயிறு ஆராதனை, திங்கள் பாலர் பள்ளி

ஒரே சர்ச் கட்டடத்தில் வாரநாளில் பாலர் பள்ளி, ஞாயிறன்று ஓய்வுநாள் பள்ளி. இப்படி இருந்தால் பெஞ்சை யார் நகர்த்துவது, சாவி யாரிடம் என்று சண்டை வரும். 1965-ல் மிசிசிப்பியில் கேள்வியே வேற.

அந்தக் கோடையில்தான் அமெரிக்க அரசு ஏழைக் குழந்தைகளுக்கு 'ஹெட் ஸ்டார்ட்' திட்டத்தைத் தொடங்கியது. மிசிசிப்பியில் 'சைல்ட் டெவலப்மென்ட் குரூப்' என்ற அமைப்பு சுமார் 80 மையங்களைத் திறந்தது. ஏறக்குறைய 6,000 குழந்தைகள். மாநில அரசின் கைக்குப் போகாமல், மேரி ஹோம்ஸ் ஜூனியர் காலேஜ் வழியாகப் பணம் வந்தது. சரி, இடம்? பள்ளிக்கூடங்கள் வெள்ளையர் பிடியில். கறுப்பின மக்களுக்கென்று சொந்தமாக இருந்த பொதுக்கூடம் பெரும்பாலும் சர்ச்தான்.

இடம் கொடுப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. முந்தைய வருஷம், 1964 ஜூன் 16 இரவு, சுதந்திரப் பள்ளிக்கு இடம் தரச் சம்மதித்த மவுன்ட் சயான் சர்ச்சை கு க்ளக்ஸ் கிளான் கொளுத்தியிருந்தது. பயந்து கதவடைத்த சபைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

செனட்டர் ஜான் ஸ்டெனிஸ் கணக்கைக் காட்டி எதிர்த்தார். முதல் மானியம் தீர்ந்தது. 1966 பிப்ரவரியில் அடுத்த பணம் கிடைக்கும்வரை பல மையங்கள் சம்பளமில்லாத ஆட்களை வைத்தே ஓடின. வாடகைக் கட்டடமாக இருந்திருந்தால் பூட்டு விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு. சாவி சபையாரிடம் இருந்தது. அதனால் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள்.