துத்திச் செடியின் மஞ்சள் புள்ளிகள்

மூலத்துக்குத் துத்தி இலையை வதக்கிச் சாப்பிடச் சொல்வார்கள் நம் பெரியவர்கள். அந்தத் துத்தியின் தென் அமெரிக்க உறவுச் செடி ஒன்று, அபுட்டிலான் என்ற பெயரில் ஐரோப்பியத் தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது. செடி வைரஸ்களின் சரித்திரத்தில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு.

1868-இல் லண்டன் வீச் நர்சரிக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அபுட்டிலான் நாற்றுகள் வந்தன. அவற்றில் ஒன்றின் இலையில் மட்டும் பச்சைக்கு நடுவே மஞ்சள் கட்டம் கட்டமாகப் படர்ந்திருந்தது. பார்த்தவர்கள் மயங்கிப்போனார்கள். குச்சி ஒடித்து நட்டு, 'தாம்சோனி' என்று பெயர் சூட்டி, புது ரகமாக விற்றார்கள். நல்ல விலையும் கிடைத்தது.

நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியில் இப்படி நிறம் கலந்த இலைக்குப் 'பனாஷ்யூர்' என்று பெயர். தொப்பியில் செருகும் இறகுக் கொத்தைக் குறிக்கும் 'பனாஷ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே அலங்காரம்! ஆனால் 1869-இல் பெல்ஜியத்தில், லியேஜ் நகரப் பேராசிரியர் எதுவார் மொரேன், இந்தப் பனாஷ்யூர் தொற்றக்கூடியது என்று பிரெஞ்சில் எழுதினார். புள்ளிச் செடியின் கிளையைப் பச்சைச் செடியில் ஒட்டுக் கட்டினால், பச்சைச் செடியில் புதிதாக வரும் தளிரும் மஞ்சள் புள்ளியோடு வந்தது. அழகு என்று காசு கொடுத்து வாங்கியது ஒரு நோய் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

1904 முதல் ஜெர்மனியில் எர்வின் பௌர் இதை மேலும் ஆராய்ந்தார். ஒட்டு மூலம் பரவுகிறது, விதை மூலம் பரவவில்லை என்று கண்டார். பரம்பரைக் குணமாக இருந்தால் விதையில் வர வேண்டும். பூஞ்சையோ பாக்டீரியாவோ காரணமாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டும். இரண்டும் இல்லை. ஆகவே இதற்குத் 'தொற்றும் வெளுப்பு' என்று பெயர் வைத்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1898-இல், ஹாலந்தில் பைய்யெரிங்க் புகையிலைத் தேமலுக்குக் காரணமான பொருளை 'வைரஸ்' என்று அழைத்திருந்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று பொருள்.

தோட்டத்தில் ஒட்டுக் கட்ட மனிதன் இருக்கிறான். காட்டில் யார் பரப்புகிறார்கள்? 1946-இல் பிரேசிலில் விடை கிடைத்தது. வெள்ளை ஈ! இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் அதே சிறு பூச்சிதான்.

இந்தக் குடும்பத்து வைரஸின் உருவத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் காட்டியது. இரண்டு உருண்டைகள் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இருந்தன. அதனால் 'ஜெமினி' வைரஸ் என்று பெயர்; நம் ஜோதிடத்தில் மிதுனம். நீளம் சுமார் 30 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் முப்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கலாம். அபுட்டிலான் வைரஸின் மரபணு வரிசை 1990-இல் முழுமையாக வெளிவந்தது. ஆக, 1868-இல் கண்ணில் பட்டதை முழுமையாக அடையாளம் காண 122 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு வேடிக்கை. பல தலைமுறைகளாகக் குச்சி நட்டும் ஒட்டுக் கட்டியுமே வளர்த்ததால், தோட்டத்து அபுட்டிலானில் உள்ள வைரஸ் வெள்ளை ஈ வழியாகப் பரவும் திறனையே இழந்துவிட்டது. அதைப் பரப்பும் வேலையை மனிதனே ஏற்றுக்கொண்டான்!

நம் வெண்டையில் வரும் மஞ்சள் நரம்புத் தேமலும் இதே குடும்பம்தான். அபுட்டிலானும் வெண்டையும் செம்பருத்தியும் தாவர இயலில் ஒரே இனத்தார். ஆனால் வெண்டையின் வைரஸ் வெள்ளை ஈயை விடவில்லை. அழகுச் செடிக்குக் கூடுதல் விலை தரும் அதே நோய், வெண்டை விவசாயியின் பிழைப்பைக் கெடுக்கிறது.

மஞ்சள் புள்ளி எல்லாமே வைரஸ் என்று பயப்பட வேண்டாம். குரோட்டன்ஸ் செடியின் நிறங்கள் பிறவிக் குணம். ஆனால் பச்சையாக வளர்ந்த செம்பருத்தியோ வெண்டையோ திடீரென்று தளிரிலிருந்து மஞ்சள் பூத்தால், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை ஈ இருந்தால், அந்தச் செடியிலிருந்து குச்சி ஒடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.