விமானத்தின் முன்சக்கரமும் நம் பால்மரமும்

ஈப்போவில் விமானம் இறங்குவதைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம். முதலில் இறக்கைக்குக் கீழுள்ள பெரிய சக்கரங்கள் தரையைத் தொடும். டயரிலிருந்து புகை கிளம்பும். மூக்கின் கீழுள்ள முன்சக்கரம் சற்றுப் பொறுத்தே மெதுவாக வந்து அமரும்.

இந்த முன்சக்கரம் தொடக்கத்திலிருந்தே எல்லா விமானங்களுக்கும் இருந்ததில்லை. 1903ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்துக்குச் சக்கரமே கிடையாது, சறுக்குக் கட்டைகள்தாம். பின்னர் வந்தவற்றில் பெரும்பாலானவை இறக்கையின் கீழ் இரண்டு சக்கரமும் வாலில் ஒன்றுமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன. 1947 மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குக்குச் சேவை தொடங்கியபோது ஓட்டிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானமும் அந்த வகைதான். இந்த வகையில், தரையில் ஓடும்போது விமானிக்கு எதிர்வழி சரியாகத் தெரியாது. பிரேக்கை அழுத்திப் பிடித்தாலோ, மூக்குக் குத்திக் கவிழும் அபாயம்.

வாலில் இருந்த சக்கரம் மூக்குக்கு வந்ததும் அந்தப் பயம் நீங்கியது. முன்சக்கரம் சுமப்பது விமானத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. திருப்புவதுதான் அதன் முக்கிய வேலை. ஆனால் அது வந்தபின் விமானி துணிந்து பிரேக் பிடிக்கலாம். விமானங்கள் பெருத்தன, வேகமும் கூடியது. சோதனை டயருக்கு வந்தது. பாரத்தில் நசுங்கி நசுங்கிச் சுழலும் டயர் சூடேறும். மரத்துப் பாலில் செய்த ரப்பர் செயற்கை ரப்பரைவிடக் குறைவாகவே சூடேறும், எளிதில் கிழியாது. விமான டயருக்கு இன்றும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அந்த மரம் நம் அக்கம்பக்கத்தில் வேரூன்றியது 1877ல். சுங்கை சிப்புட்டுக்கு அடுத்த ஊரான கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகள் அவை. 1942ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா அவசர அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டியது. கார் டயருக்கு அது போதும். பெரிய விமான டயருக்கோ மரத்து ரப்பரைச் சேமித்து வைக்கவேண்டியிருந்தது. அதே காலத்தில் இங்கே எத்தனையோ மரங்கள் வெட்டப்படாமல் கிடந்தன. வெட்டிய கைகளில் பலவற்றைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திரும்பாதவர் ஏராளம்.

இன்று நம் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. விமான டயரில் கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். விடியுமுன் நிரையில் இறங்கி மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்களின் பெயரை அதில் யார் பொறிப்பார்கள்?